கரைக்குக் கல்லா, கோரையா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

சென்ற ஆண்டு ஆடி மாதம் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவே உள்ள மல்லாங்கிணறுதான் எங்கள் ஊர். பெயரில் கிணறு இருந்தாலும் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுவது கண்மாய். அந்தக் கண்மாயின் கரை அலையால் அரிந்துகொண்டே போகிறது; ஆகவே உள்பக்கம் முழுவதும் கல் வைத்துச் சிமெண்டு பூசிவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். கரைமேல் நடைபாதையும் சுற்றிலும் மண்மேடும் அமைத்தால் ஊருக்கு அழகு என்றார் ஒருவர். வழக்கம்போல் நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். திடீரென்று ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பி, "ஏய்யா, நீதான் காலேஜுல படிக்கிறியே, போடலாமா வேண்டாமா, சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தானே நம்மைப் படிக்க அனுப்பினார்கள் என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. "சிமெண்டு போட்டால் பறவைகளும் தவளைகளும் பாதிக்கப்படும்" என்றேன். கூட்டம் சிரித்தது. "தவளைக்கு வக்காலத்து வாங்கத்தான் பட்டணம் போனியா?" என்று ஒரு குரல் வந்தது. இரவு வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. "கொக்குக்குப் பாவம் பாக்குறே, சரி. கரை போச்சுன்னா தண்ணி யாரு வீட்டுக்குள்ள வரும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஓராண்டாகத் தேடியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த மாணவ நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. பிழை கண்டால் அவர்கள் சொல்லலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரையைச் சிறிய விஷயமாக நினைப்பவன் அல்லன் நான். எங்கள் வீடு கரைக்குக் கீழே இருக்கிறது. என் தாத்தா நெடுங்காலம் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் நெல்லாகக் கூலி. நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு கார்த்திகை மாத இரவில் மூன்றாம் மடைக்கு அருகே கரையின் உள்பக்கம் பெரிய பாளமாகச் சரிந்தது. உரச் சாக்குகளில் மண்ணை நிரப்பி ஆண்களும் பெண்களும் விடியும்வரை அடுக்கினார்கள். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. தாத்தா கரையின் வெளிச்சரிவில் குப்புறப் படுத்து, மண்ணில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நீர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாராம். கரை உடையவில்லை. உடைந்திருந்தால் இந்தக் கட்டுரை இராது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு என்பர். வடக்கே ஏரி என்று சொல்வதையே நம் பக்கத்தில் கண்மாய் என்கிறோம். மேலைநாட்டு ஏரிகள் பல இயற்கையாய் அமைந்த பள்ளங்கள். சுற்றிலும் இயற்கைக் கரை. நம் கண்மாய் அப்படிப்பட்டதன்று. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வில்போல ஒரு மண்கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரை மறித்து வைப்பது. எனவே கண்மாய்க்கு இரண்டு விதமான கரைகள் உண்டு. மனிதன் போட்ட உயரமான கரை ஒன்று. நீர் மெல்ல மெல்ல ஆழம் குறைந்து புல்லிலும் புதரிலும் போய் முடியும் மேட்டுப்பக்கம் மற்றொன்று. இரண்டாவதற்குக் கரை என்ற பெயரே நாம் கொடுப்பதில்லை. தாத்தா அதை "தண்ணி ஏறி எறங்குற எடம்" என்பார். இந்த வேறுபாடு எனக்கு விளங்கவே பல மாதங்கள் ஆயின. கூட்டத்தில் பேசியவர்களும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. தவளைக்காகப் பேசிய நானும் பார்க்கவில்லை.

இனி அரிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புகின்றன. அதே மாதங்களில் வாடைக்காற்றும் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. காற்று நீர்ப்பரப்பின்மேல் எவ்வளவு தூரம் தடையின்றி ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை உயரும். ஆழம் கூடினாலும் உயரும். எனவே கரை முழுவதும் ஒரே மாதிரி அரிவதில்லை. வாடைக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்கும் பகுதிதான் அடி வாங்குகிறது. நிரம்பிய நீர் ஆனி, ஆடி வரை தங்குகிற நல்ல ஆண்டுகளில் மேல்காற்று அடித்து எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் தின்னும்.

அலையைப் பற்றி இயற்பியல் பாடத்தில் படித்த ஒரு செய்தி இங்கே மிகவும் பயன்படுகிறது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அலையின் உயரத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. அதாவது, கரையைத் தொடுமுன் அலையைச் சற்றே தணித்துவிட்டால் போதும். முக்கால்வாசி அடி மிச்சம். கரையோரத்துக் கோரையும் சம்பும் நாணலும் செய்வது இந்த வேலையைத்தான். ஒவ்வொரு தண்டும் அலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைப் பறிக்கிறது. அடியில் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன.

எங்கள் பக்கத்து மண்ணும் அரிப்புக்கு உதவி செய்கிறது. கரிசல் மண்ணின் களி, நீரைக் குடித்தால் ஊதும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரை வெயிலில் எங்கள் கரையிலுள்ள வெடிப்புக்குள் கை நுழையும். முதல் மழை அந்த வெடிப்பு வழியே இறங்குகிறது. அலை நீர்மட்டத்தில் மண்ணைக் குடைந்து ஒரு படி வெட்டுகிறது; மேலே தொங்கும் மண் தன் எடையாலேயே விழுகிறது. இன்னொன்றும் உண்டு. ஊறிப்போன கரையின் முன்னால் நீர்மட்டம் வேகமாக இறங்கினால், உள்ளே தங்கிய நீர் வெளியேற வழியின்றி கரையைத் தள்ளும். அப்போது பாளமாகச் சரியும். நான் டார்ச் பிடித்த இரவுக்கு முந்தின சில நாட்கள் மடைகளை முழுக்கத் திறந்திருந்தார்கள் என்று தாத்தா இப்போது நினைவுபடுத்திச் சொல்கிறார்.

கரைக்குக் கல் வைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. பல பழைய கண்மாய்களின் உட்சரிவில் அலைகல் பதித்திருப்பதைக் காணலாம். ஆனால் அவை சாந்தில்லாமல் அடுக்கிய கற்கள். இடுக்குகளில் அருகம்புல் முளைக்கும். கரைக்குள் ஊறிய நீர் கசிந்து வெளியேறும். அடியில் மண் இறங்கினால் கல்லும் கூடவே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இடுக்கெல்லாம் சிமெண்டு பூசிவிட்டால் இந்த மூன்றும் போய்விடுகின்றன. நீர் வடியும் துளைகள் விடாமல் பூசினால் உள்ளே தங்கும் நீரே பூச்சைத் தள்ளிப் பிளக்கும். வழுவழுப்பான செங்குத்துச் சுவராகக் கட்டினாலோ, அலை அதில் மோதித் திரும்பி, சுவரின் அடிமண்ணைத் தோண்டும். சுவர் முடிகிற முனையில் அடுத்த மண்கரை முன்னைவிட அதிகம் அரியும். காவல் இல்லாத வீட்டைத் திருடன் தேடுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில் வேறொரு தவற்றையும் சொல்ல வேண்டும். கரையை உயர்த்த மண் வேண்டும். ஒப்பந்தம் எடுப்பவர்க்கு எளிது எதுவெனில், கரையின் காலடியிலேயே தோண்டி மேலே போடுவது. கரை உயர்ந்துவிட்டதாகக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் காலடியில் பள்ளம் விழுந்ததால் அங்கே ஆழம் கூடி, முன்பு தூரத்திலேயே உடைந்து ஓய்ந்த அலை இப்போது முழு உயரத்தோடு வந்து கரையை அறைகிறது. கோரை வளர்வதற்கான ஆழமற்ற நீரும் இல்லாமற் போகிறது. வண்டல் எடுப்பது நல்லதே. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு பணிகள் நடத்தியதும், வயலுக்கு வண்டல் எடுக்க உழவர்களுக்கு இசைவு தந்ததும் நாம் அறிந்தவை. எங்கே தோண்டுவது என்பதுதான் கேள்வி. கரையை விட்டுத் தள்ளி, கண்மாயின் நடுவில் தோண்டினால் கோடையில் மீன்கள் ஒதுங்க ஒரு குட்டையும் கிடைக்கும்.

நீர் விளிம்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்ட நண்பர்களுக்காக ஒரு பட்டியலே போடலாம். ஆனால் எங்கள் ஆய்வகத்திலிருந்தே தொடங்குகிறேன். விலங்கியல் மாணவர் யாவரும் அறுத்துப் பார்க்கும் பைலா நத்தை நீரில் வாழ்ந்தாலும் முட்டையிட விளிம்புக்கு ஏறி ஈரமண்ணைத் தேடுகிறது. அந்த நத்தை பெருகினால்தான் நத்தைகுத்தி நாரைக்கு இரை. தும்பியின் இளரி நீருக்குள் வளர்ந்து, ஒரு தண்டைப் பற்றி ஏறித்தான் தோலுரித்துச் சிறகு விரிக்கிறது; ஏறத் தண்டு இல்லையேல் தும்பி குறையும், கொசு நிறையும். விரால் மீன் கரையோரப் பாசிக்கும் புல்லுக்கும் இடையில் இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிட்டு, குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காக்கிறது. பால் ஆமை கரைமண்ணைத் தோண்டி முட்டை புதைக்கிறது. முக்குளிப்பான் கோரைத் தண்டுகளில் மாட்டி மிதக்கும் கூடு கட்டுகிறது. இவை அனைத்தும் ஒரு காலை நீரிலும் ஒரு காலை நிலத்திலும் வைத்து வாழ்பவை. நடுவில் ஒரு சுவர் நின்றால் ஒரு காலை வெட்டியதற்கு ஒப்பாகும்.

ஆனால் உயிரினம் எல்லாமே கரைக்கு நண்பர்கள் என்று சொல்லிவிட முடியாது. நண்டு வளையும் எலி வளையும் நீர்பாய்ச்சிக்குப் பகை. ஒரு வளை வழியே நீர் கசிந்து மண்ணை இழுக்கத் தொடங்கினால் அது குழாயாக அகன்று கரையையே உடைக்கும். மீன்கொத்தி, அரிந்து செங்குத்தாக நிற்கும் மண்சரிவில்தான் வளை தோண்டிக் கூடு வைக்கிறது. அதாவது அரிப்பே அதற்கு வீடு! தாத்தா அத்தகைய வளைகளைக் கண்டால் களிமண் உருட்டி அடைத்துவிடுவார். குஞ்சு இருந்தால் பறக்கும்வரை பொறுப்பார், ஆனால் அடைப்பார். இங்கே நான் தாத்தா பக்கம்.

இனி என் சொந்த ஆராய்ச்சி. பெருமையாகச் சொல்ல ஆரம்பித்து அசடு வழிந்த கதை. ஐப்பசியில் கண்மாய் பாதி நிரம்பியபோது, நீர் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, கரையில் வேப்பங்குச்சிகளை அடித்து வைத்தேன். கோரை அடர்ந்த பகுதியில் ஒரு வரிசை, வெறுங்கரையில் ஒரு வரிசை. தை மாதம் விடுமுறையில் போய்ப் பார்த்தேன். கோரைக்குப் பின்னால் இருந்த குச்சிகள் வைத்தபடியே நின்றன. வெறுங்கரையில் இரண்டு குச்சிகள் அரிந்த விளிம்பில் வேர் தெரியத் தொங்குவதுபோலத் தொங்கின. ஒன்றைக் காணவே இல்லை. கைபேசியில் படம் எடுத்து வந்து எங்கள் தாவரவியல் பேராசிரியரிடம் காட்டி, "கோரை கரையைக் காத்துவிட்டது, ஐயா" என்றேன்.

அவர் படங்களைப் பார்த்துவிட்டு, "கோரை இருக்கிற இடம் வாடைக்கு மறைவா, நேரா?" என்று கேட்டார். மறைவுதான். கரை அங்கே வளைகிறது. "அப்படியானால் கோரை இருப்பதால் அலை இல்லையா, அலை இல்லாததால் கோரை இருக்கிறதா?"

நான் வாயடைத்துப் போனேன். அவர் சொன்னது உண்மை. இளம் கோரை வேர் பிடிப்பதற்குள் அலை பிடுங்கிவிடுமானால் அங்கே அது வளராது. வளர்ந்தபின் அது அலையைத் தணிக்கும். ஆனால் வளர்வதற்கே தணிந்த அலை வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்தபோதுதான் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டிய பதிலின் நுனி கிடைத்தது. காற்றுக்கு நேரான பகுதியில் கோரையை மட்டும் நம்பினால் மோசம் போவோம். அங்கே கல்தான் முதல். மறைவான பகுதியில் கல் வைத்தால் இருக்கும் காவலைப் பிடுங்கிவிட்டு, காசு கொடுத்து வேறு காவல் வைப்பதாகும்.

நடுத்தரமான பகுதிகளுக்கு வெட்டிவேர் உகந்தது. கத்தைபோன்ற இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக மூன்று மீட்டர்வரை கூட இறங்கும். 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இந்தப் புல்லை மண்ணரிப்புக்கு மருந்தாக நாடு நாடாகப் பரப்பினார்கள். ஆங்கிலத்திலும் அதன் பெயர் நம் தமிழ்ப்பெயர்தான் என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. மேல்விளிம்புக்குப் பனை. அதன் வேர்கள் சல்லிவேர்கள். பருத்து நீண்டு கரையைப் பிளப்பதில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் இசைவு வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. பெருமரங்களைக் கரையின்மேல் வைப்பதைப் பொறியாளர் விரும்புவதில்லை; மரம் பட்டபின் வேர் மக்கி உள்ளே குழாய் விடும் என்பது அவர்கள் அச்சம். சீமைக் கருவேலத்தைப் பற்றி நம் மாவட்டத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: வேரோடு பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால் அடுத்த மழையில் அந்தக் குழியே அரிப்புக்கு வாயிலாகும். குழியை மூடி மண்ணை இறுக்கிவிட்டே நகர வேண்டும்.

சிறுபஞ்சமூலத்தில் காரியாசான், குளம் தொட்டவன் செய்ய வேண்டிய அறங்களுள் அடுத்ததாகவே குளத்தைச் சுற்றி மரக்கிளை நடுவதைச் சொல்வதாக உரைகாரர் பொருள் கூறுவர். தோண்டியதோடு வேலை முடியவில்லை என்று அன்றே கண்டிருக்கிறார்கள்.

எங்கள் துறைச் சுற்றுலாவில் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்குப் போனோம். திருப்பத்தூர் அருகே மூன்று கண்மாய்கள் சேர்ந்து 1977-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கூடு கட்டுகின்றன. பறவைகள் வெருண்டுவிடும் என்பதற்காகப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகாசிக்குப் பக்கத்து ஊரிலிருந்து போன எனக்கு இது எப்படி இருந்திருக்கும்! என் சித்தி வேனேறிப் பட்டாசு வேலைக்குப் போய்த்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு தந்தார்கள். வீட்டில் சொன்னபோது சித்தி, "ஒரு ஊரு வாங்காட்டி ஒண்ணும் கொறையாது, விடு" என்றார்கள். வேடந்தாங்கலில் இன்னும் பழைய கதை. பறவைகளைச் சுடக்கூடாது என்று உழவர்கள் முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களிடம் காப்புரிமை பெற்றார்கள். எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டும் பாசனக் கண்மாய்களே என்பதைக் கவனிக்க வேண்டும். கரையும் நிற்கிறது, பறவையும் வருகிறது.

ஆனால் எல்லாக் கண்மாய்க்கும் அந்தப் பேறு இல்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கிவிடுகின்றன. கூந்தன்குளம், வேடந்தாங்கல் போன்றவை 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறின. பெயர் பெறாத ஆயிரக்கணக்கான கண்மாய்களின் விளிம்பை விதிகள் பார்ப்பதில்லை. அங்கே முடிவெடுப்பது எங்கள் ஊர்க் கூட்டம் போன்ற கூட்டங்களும், மதிப்பீடு போடும் பொறியாளர்களும்தாம். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும் மற்றவை உள்ளாட்சிகளிடமும் இருக்கின்றன. கோவை உக்கடம் பெரியகுளத்தில் நடைபாதை போட்டதைப் பார்த்து எல்லா ஊரிலும் அதே ஆசை பிறந்திருக்கிறது. பட்டணத்துக் குளத்துக்கு அது பொருந்துமோ என்னவோ, வரத்துநீரை நம்பும் கண்மாயைச் சுற்றி நாற்புறமும் மேடு போட்டால் நீர் உள்ளே வர வழி ஏது? மேட்டுப்பக்கத்தை, அந்தப் பெயரில்லாத கரையை, தொடாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று இப்போது எண்ணுகிறேன். அங்கே அரிப்பும் இல்லை, செலவும் இல்லை, உயிர்களோ அங்கேதான் மிகுதி.

மாசியில் மறுபடி கூட்டம் கூடியபோது நான் ஒரு தாளில் கரையை வரைந்து எடுத்துப் போனேன். வாடைக்கு நேரான பகுதிக்கும் மடைகளின் இருபக்கத்துக்கும் சாந்தில்லாத அலைகல், அடியில் சரளை. வளைவுக்கு அப்பால் இருக்கும் கோரையைத் தொடக்கூடாது. இடைப்பட்ட பகுதிக்கு வெட்டிவேர். காலடியில் மண் எடுக்கக்கூடாது. மேட்டுப்பக்கத்தில் மேடு கூடாது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒருவர் கேட்டார்: "சிமெண்டுன்னா ஒரு தடவ போட்டா முடிஞ்சது. புல்லை யாரு வருசா வருசம் பாக்குறது? ஆட்டை யாரு வெரட்டுறது?" நியாயமான கேள்வி. முன்பு நீர்பாய்ச்சிக்கு நெல் கொடுத்த ஊர் அதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. தாத்தாவுக்குப் பின் எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி இல்லை. புல்லுக்கும் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும் என்பதை நான் தாளில் எழுத மறந்திருந்தேன். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது.

அதற்குப் பிறகு மூன்றாம் மடைக்கு அருகே, அன்று சரிந்த இடத்தில், நானும் தாத்தாவும் வெட்டிவேர்த் தூர்களை ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வரிசை நட்டோம். அம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். மேல் வரிசையில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டது. கீழ் வரிசையை ஆடு கடித்திருக்கிறது. தாத்தா சுற்றிலும் கருவேல முள் வெட்டிப் போட்டிருக்கிறார். துளிர்க்கிறதா என்று பார்த்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் சொல்கிறார். சென்ற ஞாயிறு வரை ஏழு தூர் துளிர்த்திருக்கின்றன.